வேண்டாம், இருக்கிறது

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாருக்காவது விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும். கல்லூரியில் செய்தி சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் சொன்னபோது எதிர்வீட்டு அக்கா, "சர்வரா? எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை பாவம், நிஜமாகவே கேட்டாள். இவளும் திருத்தப் போகவில்லை. திருத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

கல்லூரிக் கணினி மையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஏ.சி. குளிரில் வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது. இரும்பு அலமாரி போன்ற பெட்டி ஒன்று, அதன் தலையில் இரண்டு மோடம், மூலையில் கிரீச்சிடும் பிரின்டர், கை ஒடிந்த நாற்காலி ஒன்று. நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி எழுதி எழுதி அலுத்துப்போய், ஒடிந்த கைக்கு அவளே துணி சுற்றிக்கொண்டாள். மையத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'வேண்டாம் மேடம்'. டீ வேணுமா மேடம் என்றால் வேண்டாம். சுற்றுலா வர்றீங்களா மேடம் என்றால் வேண்டாம். அவளுடைய பெட்டியும் நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியின் பிழைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயந்துவிடாதீர்கள், சின்ன விஷயம்தான். ஊர் ஊராக இப்படிப் பல பெட்டிகள். ஒருவர் ஓரிடத்தில் எழுதிப் போடுகிற செய்தி, பெட்டிக்குப் பெட்டி கைமாறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு குழு, வானொலிப் பைத்தியங்களுக்கு ஒரு குழு, செஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு குழு. ஒவ்வொரு செய்திக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாள எண் உண்டு. இவளுடைய பெட்டிக்கு அக்கம்பக்கத்தார் இருவர்: மருத்துவக் கல்லூரிப் பெட்டி, பொது நூலகப் பெட்டி. அவை கூப்பிட்டு, "இந்த எண்ணுள்ள செய்தி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்கும். இவளுடைய பெட்டி தன் வருகைப் பதிவேட்டைப் பார்க்கும். எண் இல்லாவிட்டால் "அனுப்பு". இருந்தால் "வேண்டாம், இருக்கிறது". அவ்வளவுதான்.

இதில் என்ன தலைவலி என்று கேட்பீர்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு நீளச் செய்தி மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருக்கும். அது முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் பதிவேட்டில் எண் ஏறும். அதற்குள் நூலகம் கூப்பிட்டு அதே செய்தியை நீட்டும். பதிவேட்டில் இன்னும் இல்லையே, இவளுடைய பெட்டி அசட்டுத்தனமாக "அனுப்பு" என்றுவிடும். ஒரே செய்தி இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட வேண்டியதுதான். இருப்பதே நூல் போல ஒரு லைன். அதில் பாதி இப்படி வீணாகப் போனால்? மாடியிலிருந்து மையத்தின் தலைவர் இறங்கி வந்து, "என்னம்மா இது, வந்ததே வந்துக்கிட்டு இருக்கு? ஒரு ஃபைல் அனுப்ப முடியல!" என்று கத்திவிட்டுப் போவார். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் கத்தியிருப்பார்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு உலகம். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மாடி மாடியாக ஏறி இறங்கிய மனிதர் முன்னறைக் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டுவிட்டு இவள் பஸ் ஏறுவாள். மத்தியானம் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் இவள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. இவள் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவருக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தச் செஸ் குழுவில்தான். குழுவில் அவர் பெயர் 'கட்டில் ராஜா'. அவரே வைத்துக்கொண்டது. எதிராளி எந்த ஊரோ என்ன வயசோ தெரியாது, பெயர் 'கிழட்டுக் குதிரை'. ஒரு செய்திக்கு ஒரு நகர்த்தல். குதிரை ஆடியதை இவள் பிரின்ட் எடுத்துக்கொண்டு வருவாள். அவர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் முறைத்துப் பார்ப்பார். காலையில் தன் ஆட்டத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார். இவள் அதை டைப் அடித்து அனுப்புவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்.

"வந்துச்சா?"

வந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் வெளிச்சம். வராவிட்டால் சாப்பாட்டில் உப்பு கூட, விசிறியில் சத்தம் கூட, எல்லாமே கூட.

தலைவர் மூன்றாவது தடவை கத்திவிட்டுப் போன அன்று அவள் ஒரு முடிவு எடுத்தாள். செய்தி முழுசாக வந்து சேரும் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? "அனுப்பு" என்று சொன்ன அந்த நொடியிலேயே எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால்? அடுத்த ஆள் வந்து கேட்டால் "வேண்டாம், இருக்கிறது" என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிடலாம். உட்கார்ந்து எழுதினாள். பெட்டியில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள், நன்றாகத்தான் ஓடியது. ஒரே ஒரு விஷயம் மிச்சம்: பாதியில் லைன் அறுந்துவிட்டால், ஏற்றிய எண்ணைத் திரும்ப அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் வராத செய்தியை வந்ததாகப் பெட்டி சாதிக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான், அந்தப் பகுதியை எழுதக் கீபோர்டில் கை வைத்தாள்.

டெலிபோன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா. "சீக்கிரம் வாம்மா, உன் வீட்டுக்காரர் கட்டில்லேர்ந்து கீழ விழுந்துட்டார். ஏதோ காய் தரையில உருண்டுச்சாம், அதை எடுக்கப் போய்…"

போட்டது போட்டபடி ஓடினாள். நெற்றியில் ஒரு வெட்டு, தோள் வீக்கம், அவ்வளவோடு போயிற்று. தரையில் கிடந்தபடியே மனிதர் கையில் சிப்பாயைப் பத்திரமாகப் பிடித்திருந்தார். "உங்களுக்கு அறிவிருக்கா?" என்று அழுதுகொண்டே திட்டினாள். மறுநாள் மையத்துக்கு வந்தால் லைன் காலியாக, காற்றாடிக்கொண்டு கிடந்தது. இரட்டைச் செய்தி ஒன்றுகூட இல்லை. தலைவர் கீழே வந்து, "சபாஷ்! மேல ரிப்போர்ட் அனுப்பிட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து சபாஷ் என்று கேட்டு எத்தனை காலமோ. அந்தச் சந்தோஷத்திலும் முந்தின நாள் களைப்பிலும் மிச்சமிருந்த வேலை அவளுக்கு மறந்தே போயிற்று. சுத்தமாக மறந்துபோயிற்று.

அதற்குச் சில நாள் கழித்துக் குதிரை வருவது நின்றது.

"வந்துச்சா?"

"வரலீங்க."

"நேத்தும் வரலையே."

"ஏதாவது வேலையா இருக்கும்."

"என்ன பெரிய வேலை? அவனோட குதிரை ரெண்டையும் வெட்டிட்டேன்ல, அதான் பதுங்கிட்டான்."

நாளாக ஆக அவருடைய குரல் கூர்மையாகிக்கொண்டே போயிற்று. வேறு யாருடனாவது ஆடுங்களேன் என்று சொல்லிப் பார்த்தாள். "எனக்கு யாரும் வேணாம்" என்றார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் பலகையைத் தடவிக்கொண்டிருப்பது கேட்கும். கடைசியில் ஒரு காலை துண்டுக் காகிதத்தை நீட்டினார். ஆட்டம் இல்லை, வசவு.

"வேணாங்க, இதை அனுப்பாதீங்க."

"நீ டைப் பண்றியா இல்லையா?"

வாக்குவாதத்துக்குத் தெம்பில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டைப் அடித்து அனுப்பினாள். 'தோற்கிறவர்கள் பாதியில் எழுந்து ஓடுவது புதிதல்ல. கிழட்டுக் குதிரைக்கு வழி மறந்துவிட்டது போலும். வீட்டில் இருப்பவரைக் கேட்டு, வழி தெரிந்துகொண்டு வரவும்.'

மறுநாள் செஸ் குழு முழுக்கத் தீப்பிடித்துக்கொண்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டில் ராஜாவைக் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள். 'நீரெல்லாம் ஒரு மனுஷனா?' என்று ஒருவர். 'அவர் எழுதியதைப் படித்த பிறகும் இப்படி எழுத மனசு வந்ததா?' என்று இன்னொருவர். எழுதியதைப் படித்த பிறகா? எதை எழுதினார்? எங்கே எழுதினார்? குழுவை மேலும் கீழும் புரட்டினாள். குதிரையிடமிருந்து ஒன்றுமே இல்லை.

திட்டியவர்களில் ஒருவருடைய செய்தியின் தலைப்பகுதியில், அது எந்தச் செய்தியைச் சுட்டுகிறதோ அதன் அடையாள எண் இருந்தது. அந்த எண்ணைக் கொடுத்துத் தன் பதிவேட்டைக் கேட்டாள். 'இருக்கிறது' என்றது. செய்தியைக் காட்டு என்றாள். 'இல்லை' என்றது.

இருக்கிறது, ஆனால் இல்லை. அன்றைக்குக் கீபோர்டில் கை வைத்தபோது டெலிபோன் அடித்ததே, அந்தச் சத்தம் மறுபடி காதில் கேட்ட மாதிரி இருந்தது. லைன் பாதியில் அறுந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மறுபடி கூப்பிட்டு நீட்டியிருக்கிறது, நூலகமும் நீட்டியிருக்கிறது. இவளுடைய பெட்டி இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்தி, வேண்டாம், இருக்கிறது, வேண்டாம், இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. உலகமே படித்த ஒரு செய்தி அவள் புருஷனுக்கு மட்டும் வரவில்லை. செய்தது அவள்.

மருத்துவக் கல்லூரிப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற தம்பியைப் போனில் பிடித்தாள். எண்ணைச் சொன்னாள்.

"இருக்கேக்கா. இதோ அனுப்பறேன்." கொஞ்ச நேரத்தில் சிரித்தான். "அக்கா, உங்க பெட்டி வேணாங்குது. ஏற்கனவே இருக்காமே!"

"சிரிக்காதே தம்பி" என்றாள். அவள் குரலைக் கேட்டு அவன் கப்சிப். பதிவேட்டிலிருந்து அந்த எண்ணைக் கையால் அழித்தாள். "இப்ப அனுப்பு."

வந்தது. பிரின்ட் எடுக்கவில்லை, திரையிலேயே படித்தாள்.

'தாமதத்துக்கு மன்னிக்கவும். என் மனைவி இறந்துவிட்டாள். ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தாள். அவளுடைய தலைமாட்டில் பலகையை வைத்துத்தான் நான் ஆடுவது. "அந்தக் கட்டில் ராஜா இன்னிக்கு என்ன ஆடினார்?" என்று தினமும் கேட்பாள். நம் ஆட்டம் முடியும் வரை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இனிக் கேட்க ஆளில்லை. இருந்தாலும் ஆடுகிறேன். இடப்பக்க யானையை முதல் வரிசையிலேயே நடுவழிக்குக் கொண்டுவருகிறேன்.'

இதற்கு அனுப்பிய பதில்தான் அந்தத் துண்டுக் காகிதம். வீட்டில் இருப்பவரைக் கேட்டு வழி தெரிந்துகொண்டு வரவும்! அவளுடைய விரல் அடித்த எழுத்துகள். அவள் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். ஏ.சி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். வேறென்ன செய்வது? அன்றே பெட்டிக்கு மூன்றாவதாக ஒரு பதில் சொல்லிக்கொடுத்தாள். பாதி வந்துகொண்டிருக்கிற செய்தியை இன்னொருவர் நீட்டினால் "வேண்டாம்" என்று சொல்லக் கூடாது. "கொஞ்சம் பொறு, அப்புறம் கேள்" என்று சொல்ல வேண்டும். முழுசாகக் கைக்கு வந்த பிறகுதான் "இருக்கிறது". வராமல் அறுந்தால், அடுத்த தடவை கேட்கிறவரிடம் "அனுப்பு". யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிது! ஒரு மத்தியான வேலை. அந்த ஒரு மத்தியானம்தான் அவளுக்குக் கிடைக்காமல் போயிற்று. இதே மாதிரி எண் மட்டும் ஏறி ஆள் வராத செய்திகள் இன்னும் ஒரு கூடை இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள்.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். குழுவில் உண்மையை எழுதப்போவதாகவும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

"லைன் கோளாறுன்னு எழுதிடுங்களேன். ரிப்போர்ட் வேற மேல போயாச்சு."

"லைன் எப்பவும் அறும் சார். அறுந்தா என்ன பண்ணணும்னு எழுதாம விட்டது நான்தான்."

"எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"வீட்டுக்குப் போகணுமே சார்" என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, கையை மட்டும் ஆட்டினார்.

தன் சொந்தப் பெயரில் எழுதினாள். கட்டில் ராஜாவின் மனைவி நான், இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவளும் நான், உங்கள் செய்தி இங்கே வரவேயில்லை, அதைத் தடுத்தது என் தவறு, அவர் உங்கள் துக்கத்தைப் படிக்காமல் எழுதினார், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். அனுப்பிவிட்டு, இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, குதிரையின் செய்தியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

"வந்துச்சா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"வந்துச்சு" என்றாள். முகம் மலர்ந்து நிமிர்ந்தவரிடம் காகிதத்தைக் கொடுத்தாள். அவர் படித்தார். படித்த முகத்தை அவள் பார்க்கவில்லை, செருப்பை ஒழுங்காக வைக்கிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவர் பலகையிலிருந்த காய்களை வாரி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தது இது?"

நடந்ததைச் சொன்னாள். பெட்டி, பதிவேடு, எண், எல்லாம். அவர் மெக்கானிக் ஆயிற்றே, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அறுந்தா அழிக்கணும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் பாதியில விட்டே? லிஃப்ட்ல நான் அப்படிப் பாதியில விட்டிருந்தா எத்தனை உயிர் போயிருக்கும்!"

நீங்கள் கட்டிலிலிருந்து விழுந்ததால்தான் என்று நுனி நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தையில் பாரத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்திருக்கலாம். நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"மறந்துட்டேங்க" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். "இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மனுஷனுக்கு எழுதறது?"

"நான் எழுதிட்டேன்."

அதன் பிறகு சாயங்காலங்களில் அவள் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அந்த 'வந்துச்சா' எத்தனை நாள் அவளுக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது! இப்போது வாசலில் ஒரு நிமிஷம் கூடுதலாகவே நின்று பார்த்தாள். வரவில்லை. துடைத்தாள், மாற்றினாள், புரட்டினாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். செஸ் டப்பா அலமாரியின் மேல் தட்டில், அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அங்கே வைக்கச் சொன்னதும் அவர்தான்.

ஒருநாள் மருத்துவக் கல்லூரி லைனில் ஒரு செய்தி வந்துகொண்டிருக்கும்போதே நூலகம் அதே எண்ணை நீட்டியது. "கொஞ்சம் பொறு" என்றது அவளுடைய பெட்டி. மருத்துவக் கல்லூரி லைன் வழக்கம்போல் பாதியில் அறுந்தது. நூலகம் மறுபடி வந்து கேட்டது. "அனுப்பு" என்றது. அவள் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாக வந்ததும் யாருடையது என்று பார்த்தவள், துணி சுற்றிய நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரின்டர் கிரீச்சிட்டு முடிக்கும் வரை அவளுக்குப் பொறுமை இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "வந்திருக்கு" என்றாள். யாரும் கேட்காமலே.

அவர் கையை நீட்டவில்லை. "நீயே படி" என்றார். அடி வாங்கத் தயாரானவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நின்றபடியே, தோளில் பை தொங்க, வேகமாகப் படித்தாள்.

'கட்டில் ராஜாவுக்கு. உங்கள் வீட்டம்மா எழுதியதைப் படித்தேன். வீட்டில் கேட்டு வழி தெரிந்துகொள் என்று நீங்கள் எழுதிய அன்று எனக்குத் தூக்கம் இல்லை. மறைப்பானேன். இப்போது அந்த வருத்தம் போய்விட்டது. அந்த அம்மாவை நீங்கள் திட்டியிருப்பீர்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படிப்பட்ட ஆள்தான். போதும், விட்டுவிடுங்கள். ஒரு பேச்சுக்குத் திட்டுவதற்கும் இங்கே எனக்கு ஆளில்லை. என் யானை நடுவழியில் நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் ஆட்டம்.'

அவர் ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவள் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

"பாதியில விட்டது," என்றார், "நான் விழுந்த அன்னைக்குத்தானே?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அன்னைக்கு ஒரு நாள்தான் நீ மத்தியானமே வீட்டுக்கு வந்தே."

அவள் அலமாரியை நோக்கித் திரும்பினாள், டப்பாவை எடுத்துத் தர. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அப்புறம். நீ முதல்ல பையை இறக்கி வச்சிட்டு உட்காரு. அதை இன்னொரு தடவை படி."

"இப்பத்தானே படிச்சேன்?"

"இருக்கட்டும். இன்னொரு தடவை."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தாள்.